வண்டியில் வயர்லெஸ் செட் பொருத்துவது: ஆன்டெனாவில் தொடங்கிச் செட்டில் முடிக்கும் முழு வழிகாட்டி

முதன்முறையாக வண்டியில் வயர்லெஸ் செட் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் செட்டை டாஷ்போர்டில் திருகி அழகு பார்ப்பார்கள். பிறகு பக்கத்தில் கிடைத்த ஏதோ ஒரு வயரிலிருந்து கரண்ட் எடுப்பார்கள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஆன்டெனாவை எங்கேயாவது ஒட்டிவிட்டுக் கிளம்புவார்கள். அடுத்த வாரம், "எல்லாரும் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவதுதான் யாருக்கும் கேட்கவில்லை" என்று வந்து நிற்பார்கள்.

இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் பாதித் தொல்லை வராது. ஆன்டெனா முதலில், அதன் கேபிள் அடுத்து, பவர் வயர் அதன் பிறகு, செட் கடைசியில். செட்டை அரை மணி நேரத்தில் இடம் மாற்றிவிடலாம். கூரையில் போட்ட துளையை இடம் மாற்ற முடியாது. எதை மாற்றுவது கடினமோ அதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கீழே சொல்வது 12 வோல்ட் பேட்டரி உள்ள கார், ஜீப், வேனில் 25 முதல் 50 வாட் வரையிலான செட்டைப் பொருத்தும் முறை. 24 வோல்ட் லாரிகளும் ஹைபிரிட் வண்டிகளும் எங்கே வேறுபடுமோ அங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பழகியவருக்கு நான்கு மணி நேரம் போதும்; முதல் தடவை செய்கிறவருக்குக் கேபிளை இழுக்கவே அவ்வளவு ஆகும்.

1. அலைவரிசையும் உரிமமும்

ஸ்பானரைத் தொடும் முன் இரண்டு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: நீங்கள் பேசப்போகும் அலைவரிசை, அதில் பேசுவதற்கான உரிமம். இந்த அளவு பவர் உள்ள செட்டுக்குப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் கட்டாயம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆன்டெனாவின் நீளமே அலைவரிசையை வைத்துத்தான் முடிவாகிறது. அலைவரிசை தெரியாமல் ஆன்டெனா வாங்கியவர் இரண்டாவது ஆன்டெனாவும் வாங்குவார்.

சேனல்களைப் புரோகிராம் செய்வதை மேசையிலேயே முடித்துவிடுங்கள். செட்டை 13.8 வோல்ட் பவர் சப்ளையில் இணைத்து, ஆன்டெனா மாட்டும் இடத்தில் டம்மி லோடு (பவரை வெளியே விடாமல் தானே வாங்கிச் சூடாகும் மின்தடை) மாட்டி, ஒவ்வொரு சேனலிலும் ஒருமுறை மைக்கை அழுத்திப் பாருங்கள். பழுதான செட்டை வண்டியில் மாட்டிவிட்டு மூன்று மணி நேரம் வயரைச் சந்தேகப்பட்டவன் நான்.

டம்மி லோடும் இல்லாமல் ஆன்டெனாவும் இல்லாமல் மைக் பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள். வெளியே போக வழியில்லாத பவர் செட்டுக்கே திரும்பி வந்து, கடைசிக்கட்ட டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடக்கூடும்.

2. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், நல்ல கிரிம்பிங் கருவி, ட்ரிம் பிளாஸ்டிக்கைக் கீறாமல் நெம்பும் பிளாஸ்டிக் நெம்புகோல், ஸ்பானர் செட், வயர் இழுக்க ஒரு நீளமான கம்பி, உப்புத்தாள். இவை பெரும்பாலும் இருக்கும். பலரிடம் இல்லாதது எஸ்டபிள்யூஆர் மீட்டர், அதாவது ஆன்டெனாவுக்கு அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி. இரவல் வாங்கியாவது கொண்டு வந்துவிடுங்கள். அது இல்லாமல் ஆன்டெனா சரியா தவறா என்று சொல்ல வழியே இல்லை. அந்த மீட்டர் உங்கள் அலைவரிசைக்கானதாக இருக்க வேண்டும். 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுக்காகச் செய்த மலிவான மீட்டரை 150 மெகாஹெர்ட்ஸில் மாட்டினால் அது ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

பொருள்களில் முக்கியமானது பவர் வயர். 4 சதுர மி.மீ. முழுச் செம்பு வயர், சிவப்பிலும் கறுப்பிலும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் கடையில் கிடைக்கிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கும். அதே தடிமனில் மின்தடை கணிசமாக அதிகம். வெட்டிய முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். கூடவே மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், வயர் முனையில் மாட்டும் வளைய லக்குகள், துளை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் குரோமெட், வயரைப் போர்த்தும் நெளிகுழாய், கேபிள் டை.

3. வண்டியை முதலில் படியுங்கள்

பேட்டரி எங்கே இருக்கிறது? எல்லா வண்டியிலும் பானெட்டுக்குள் இருப்பதில்லை; டிக்கியிலும் சீட்டுக்கு அடியிலும் இருக்கும். அதன் மைனஸ் முனையில் சின்னப் பெட்டி மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறதா? அது கரண்ட் சென்சார். இருந்தால் 8-ஆம் படியில் வேலை மாறும்.

ஏர்பேக்குகள் எங்கெங்கே என்று வண்டியின் கையேட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கிலும் டாஷ்போர்டிலும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். கூரையின் ஓரமாக, ஜன்னல்களுக்கு மேலே, தூண் மூடிகளுக்குப் பின்னாலும் திரை ஏர்பேக் சுருண்டு கிடக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆன்டெனா கேபிள் இறங்கி வரும் வழியும் அதே தூண்தான். ஏர்பேக்கின் முன்னால் கேபிளைக் குறுக்கே கட்டினால், அது விரியும்போது தடுக்கும், அல்லது கேபிளையும் சேர்த்து முகத்தில் வீசும். ஏர்பேக் இணைப்புகள் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றைக் கழற்றவோ மீட்டரால் தொடவோ கூடாது.

தூண் மூடியைக் கழற்ற வேண்டியிருந்தால், பேட்டரியின் மைனஸை முதலில் எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். பேட்டரியை எடுத்த பிறகும் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும்.

ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது உயர் அழுத்த மின்சாரம். செட்டுக்கான பவர் 12 வோல்ட் துணை பேட்டரியிலிருந்து வர வேண்டும்.

24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். "ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாமே" என்று எல்லாருக்கும் தோன்றும். கூடாது. அந்த ஒரு பேட்டரி மட்டும் எப்போதும் குறைவாக இருக்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், இரண்டுமே சீக்கிரம் போய்விடும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர் வாங்குங்கள். செட் இழுக்கும் உச்ச ஆம்பியரை விட அது தொடர்ந்து தரும் ஆம்பியர் கூடுதலாக இருக்க வேண்டும்.

4. ஆன்டெனாவுக்கு இடம்

வண்டியின் இரும்புக் கூரை ஆன்டெனாவின் மறுபாதி. கால் அலை ஆன்டெனா என்பது ஒரு கம்பி மட்டுமல்ல, கம்பியும் அதன் கீழே பரவும் உலோகத் தளமும் சேர்ந்ததுதான். அதனால் கூரையின் நடுவே முதல் தேர்வு. அங்கே எல்லாப் பக்கமும் தளம் சமமாக விரிகிறது, அலையும் எல்லாத் திசையிலும் சமமாகப் போகிறது. ஆட்களுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே உலோகக் கூரை இருப்பதால் பயணிகள் மேல் படும் அலையும் குறைவு.

கணக்கு எளிது. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை நீளம் மீட்டரில் கிடைக்கும். 150 மெகாஹெர்ட்ஸுக்கு 50 செ.மீ., 450-க்கு 16.7 செ.மீ. நடைமுறையில் கம்பி இதைவிட 5 சதவீதம் போலக் குட்டையாக அமையும். கம்பியைச் சுற்றிலும் குறைந்தது அதே அளவு உலோகத் தளம் வேண்டும். 450 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து யுஹெச்எஃப் ஆன்டெனாவுக்கு ஒரு டிக்கி மூடி போதும், 150 பக்கத்து விஹெச்எஃப்புக்குக் கூரைதான் வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும். 27 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 2.78 மீட்டர் வரும். அதனால்தான் அந்த ஆன்டெனாக்களில் சுருள் வைத்துக் குட்டையாக்குகிறார்கள்.

கண்ணாடிக் கூரை, ஃபைபர் பாடி, அலுமினியப் பாடி உள்ள வண்டிகளில் காந்த ஆன்டெனா ஒட்டாது. அலுமினியம் தளமாக நன்றாகவே வேலை செய்யும், காந்தம் பிடிக்காது, அவ்வளவுதான். துளை போட்டு மாட்டலாம். ஃபைபரும் கண்ணாடியும் தளமே இல்லை. அங்கே தளம் தேவைப்படாத அரை அலை வகை ஆன்டெனா வேண்டும்.

பம்பரில் மாட்டுவது பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வண்டியின் உடம்பே ஆன்டெனாவை ஒரு பக்கம் மறைத்துவிடும் என்பதால் நான் அதைக் கடைசித் தேர்வாகவே வைப்பேன்.

5. துளையா, காந்தமா?

வண்டி உங்களுடையது, ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் துளை போடுங்கள். இதைச் சொன்னவுடன் எல்லார் முகமும் சுருங்கும். ஆனால் துளை போட்டுப் பொருத்திய ஆன்டெனாதான் கூரையோடு நேரடி உலோகத் தொடர்பு பெறுகிறது, கேபிளும் கதவிடுக்கில் நசுங்காமல் நேராக உள்ளே போகிறது.

துளை போடும் முன் உள்கூரைத் துணியின் ஓரத்தையோ கூரை விளக்கையோ கழற்றி, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். குறுக்குச் சட்டம், விளக்கு வயர், ஏர்பேக் எதுவும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு ஓரத்திலிருந்தும் அளந்து நடுவைக் குறியுங்கள். பரவலாகக் கிடைக்கும் என்எம்ஓ வகை அடிப்பாகத்துக்கு 19 மி.மீ. துளை வேண்டும். ஆழமாக இறங்காமல் தடுக்கும் நிறுத்தி உள்ள துளைவெட்டி கிடைத்தால் நல்லது; இல்லையேல் கீழே உள்கூரைத் துணியை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருமுறை துணி பிட்டோடு சுற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

துளை ஓரத்தின் பிசிறை அரத்தால் நீக்குங்கள். அடிப்பக்கத்தில் மட்டும், அடிப்பாகத்தின் பற்கள் கடிக்கும் வளையத்தில், பெயின்ட்டைச் சுரண்டுங்கள்; எர்த் அங்கேதான் கிடைக்கிறது. மேல்பக்கப் பெயின்ட்டைத் தொடாதீர்கள், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் அதன் மேல்தான் உட்காரும். இரும்புத் துகள் ஒன்று விடாமல் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விட்டால் முதல் மழைக்கே கூரையில் பழுப்புப் புள்ளிகள் தெரியும்.

வாடகை வண்டி, அலுவலக வண்டி என்றால் காந்தம்தான். அடியில் மணல் துகள் இருந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும், ஆகவே ஒட்டும் முன் கூரையையும் காந்தத்தையும் துடைத்துவிடுங்கள். காந்தத்துக்கும் கூரைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பெயின்ட்டின் வழியாக மின்தேக்கி போலத்தான் எர்த் கிடைக்கிறது. தடிமனான ஸ்டிக்கர் மேல் ஒட்டினால் அதுவும் குறையும்.

6. கோஆக்சியல் கேபிள்

நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள இந்தக் கேபிளில் 50 ஓம் வகை மட்டும். டிவிக்குப் போடும் கேபிள் 75 ஓம். மீதம் கிடக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்.

பரவலாகப் போடுவது ஆர்ஜி-58. 5 மீட்டர் நீளத்தில் 150 மெகாஹெர்ட்ஸில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பவரும், 450 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். யுஹெச்எஃப் செட் என்றால் தேவைக்கு மேல் ஒரு முழம்கூட விடாமல் வெட்டிவிடுங்கள், அல்லது இழப்பு குறைந்த கேபிள் வாங்குங்கள். மீதமிருப்பதைச் சீட்டுக்கு அடியில் இறுக்கமாகச் சுருட்டி டை போட்டு வைப்பது எல்லாரும் செய்யும் தவறு. இறுக்கி வளைத்த இடத்தில் நடுக் கம்பி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, அங்கே 50 ஓம் கெட்டுவிடும்.

கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அடிக்கடி திறக்காத கதவைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் உள்ளே நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

பிஎல்-259 கனெக்டர் மாட்டியதும் மல்டிமீட்டரை எடுங்கள். ஆன்டெனா கம்பி மாட்டாத நிலையில் நடுமுனைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் பின்னலின் ஒரு மயிரிழை நடுவைத் தொடுகிறது, மறுபடி செய்யுங்கள். சில ஆன்டெனாக்களில் சுருள் ஒன்று எர்த்தோடு இணைந்திருக்கும். அதை மாட்டிவிட்டு அளந்தால் ஷார்ட் போலவே காட்டும். நல்ல ஆன்டெனாவை அப்படிக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

7. பிளஸ் வயர்

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிவிடலாமா என்பதுதான் அதிகம் கேட்கும் கேள்வி. 4 வாட் செட்டுக்குச் சரி. 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர், வயரும் மெல்லியது, செருகியும் தளர்வு. செட் கேட்கும், பேசும்போது மட்டும் அணைந்து எரியும்.

ஆகவே நேராக பேட்டரிதான். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வைக்க வேண்டும். செட்டின் பக்கத்தில் ஏற்கெனவே ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது செட்டுக்கு. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் வயருக்கு. நடுவழியில் எங்காவது வயர் உரசி இரும்பைத் தொட்டால், ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள பகுதியை எந்த ஃபியூஸும் காப்பாற்றாது. அதனால்தான் அந்தத் தூரத்தைக் குறைக்கிறோம். செட் கையேட்டில் சொன்ன ஆம்பியர்தான் அளவு. எரிந்துபோகிறதே என்று பெரிதாகப் போடாதீர்கள்.

இப்போது ஃபியூஸைச் செருக வேண்டாம். அது எல்லாம் முடிந்த பிறகு.

வயர் தடிமன் ஏன் 4 சதுர மி.மீ.? போக 5 மீட்டர், வர 5 மீட்டர், ஆக 10 மீட்டர் என்று வையுங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது 1 சதுர மி.மீ. வயரில் 1.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 2.5-இல் 0.7 வோல்ட், 4-இல் 0.43 வோல்ட். 

எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வர, நடுவிலுள்ள இரும்புச் சுவரில் ஏற்கெனவே வயர்கட்டு போகும் ரப்பர் அடைப்பு ஒன்று இருக்கும். அதில் சிறு ஓட்டை போட்டு நுழைப்பது நல்லது. புதுத் துளை போட்டால் குரோமெட் இல்லாமல் வயரை விடாதீர்கள். இரும்பு விளிம்பு சில மாதங்களில் இன்சுலேஷனை அறுத்துவிடும். சைலன்சர் குழாய், ஸ்டீயரிங் தண்டு, பெடல், ஃபேன் எல்லாவற்றிலிருந்தும் விலக்கி, ஒரு அடிக்கு ஒரு டை போட்டுக் கட்டுங்கள்.

8. மைனஸ் வயர்

பழைய வழக்கம் இரண்டு வயரையும் பேட்டரிக்கே கொண்டுபோவது, இரண்டிலும் ஃபியூஸ் போடுவது. மைனஸில் ஏன் ஃபியூஸ் என்றால், பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள தடித்த கறுப்பு கேபிள் துருப்பிடித்துத் தளர்ந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் உங்கள் செட்டின் மெல்லிய மைனஸ் வழியே திரும்பப் பார்க்கும். ஆன்டெனா கேபிளின் பின்னல் பாடியிலிருந்து செட்டுக்கு வருகிறது, செட்டின் மைனஸ் பேட்டரிக்குப் போகிறது. வழி தயாராக இருக்கிறது. ஃபியூஸ் இல்லாவிட்டால் புகைதான்.

இப்போதைய வண்டிகளில் நான் செய்வது வேறு. பேட்டரியின் கறுப்பு கேபிள் பாடியில் எந்த போல்ட்டில் முடிகிறதோ அங்கேயே செட்டின் மைனஸையும் கொடுக்கிறேன். அப்படிச் செய்தால் மேலே சொன்ன ஆபத்து இல்லை, மைனஸில் ஃபியூஸும் தேவைப்படாது. இன்னொரு காரணம் கரண்ட் சென்சார். பேட்டரி முனையிலேயே நேராக மாட்டினால் செட் எடுக்கும் கரண்ட் சென்சாரைத் தாண்டாமல் போய்விடும். வண்டியின் கம்ப்யூட்டர் பேட்டரி நிறைந்திருக்கிறது என்றே நம்பிக்கொண்டு சார்ஜிங்கைக் குறைக்கும். காலையில் வண்டி கிளம்பாது, பழி பேட்டரி மேல் விழும்.

போல்ட் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட், ஏர்பேக், பிரேக், பெட்ரோல் குழாய் சம்பந்தப்பட்ட எந்த போல்ட்டையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

9. சாவியோடு அணைய வேண்டுமா?

செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே அரை ஆம்பியர் இழுத்தால், ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டாம் நாள் முடிவில் பாதிக்கு மேல் காலி.

பல செட்டுகளின் பின்னால் இக்னிஷன் உணரும் மெல்லிய வயர் ஒன்று உண்டு. அதைச் சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் ஃபியூஸில் 1 ஆம்பியர் ஃபியூஸோடு இணைத்தால் போதும். அது இல்லாத செட்டுக்கு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போடலாம். அதன் முனைகளில் உள்ள எண்களின்படி: 30-க்கு பேட்டரி, 87-க்கு செட், 86-க்கு சாவி வயர், 85-க்கு எர்த். முக்கிய பவரையே சாவி வயரிலிருந்து எடுக்காதீர்கள், அது அவ்வளவு கரண்டைத் தாங்கும் வயர் அல்ல.

10. செட்டின் இடம்

ஓட்டுநர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் மைக்கை எடுத்து வைக்க முடிகிறதா? அதுதான் முதல் சோதனை. முதலில் ஒரு அட்டைப் பெட்டியைச் செட்டின் அளவுக்கு வெட்டி ஒட்டிவைத்து, கியர் போட்டு, ஸ்டீயரிங் திருப்பிப் பாருங்கள். முழங்கால் இடிக்கும் இடம் அப்போதே தெரிந்துவிடும்.

பின்னாலுள்ள உலோகத் துடுப்புகளுக்குக் காற்று வேண்டும். நீண்ட நேரம் பேசினால் கை வைக்க முடியாத அளவு சுடும். ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். முகப்பு தனியாகக் கழலும் செட் என்றால் உடம்பைச் சீட்டுக்கு அடியில் வைக்கலாம், ஆனால் சீட்டை முன்னும் பின்னும் முழுதாக நகர்த்திப் பார்த்துவிட்டு.

வெளி ஸ்பீக்கர் மாட்டினால் அதன் இரண்டு வயரையும் செட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். ஒன்றைப் பாடியில் எர்த் கொடுத்தால் சில செட்டுகளின் ஆடியோ ஐசி அங்கேயே போய்விடும்.

11. மூடும் முன் அளப்பது

ட்ரிம் எதையும் இன்னும் மூடவில்லை. செட் சீட்டின் மேல் கிடக்கிறது. இப்போதுதான் பேட்டரி: கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டிய நிலையில் பிளஸ்ஸை இறுக்கும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் நெருப்பு பறக்கும். மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. பிறகு பிளக்கைச் செட்டில் மாட்டாமலேயே ஃபியூஸைச் செருகி, பிளக்கில் மீட்டர் வைத்து பிளஸ், மைனஸ் சரியா என்று பார்த்துவிட்டு, பிளக்கைச் செட்டில் மாட்டுங்கள்.

வண்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். ஷெட்டுக்குள் அளந்தால் கூரையும் சுவரும் சேர்ந்தே அளவில் வரும். கதவுகள், பானெட், டிக்கி மூடியிருக்க வேண்டும். ஆன்டெனா பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. எஸ்டபிள்யூஆர் மீட்டரைச் செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டி, குறைந்த பவரில், சேனலில் வேறு யாரும் பேசவில்லை என்று கேட்டுவிட்டு, உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி அழுத்துங்கள்.

ஒரே ஓர் அலைவரிசையில் அளந்து நிறுத்தாதீர்கள். நீங்கள் பயன்படுத்தும் சேனல்களில் தாழ்ந்தது, நடு, உயர்ந்தது என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். உயர்ந்த பக்கம் அளவு கூடுதலாக இருந்தால் கம்பி நீளம் அதிகம், குறைக்க வேண்டும். தாழ்ந்த பக்கம் கூடுதலாக இருந்தால் கம்பி குட்டை. வெட்டும்போது ஒரு தடவைக்கு 2 மி.மீ. வெட்டி, அளந்து பார்த்து, மறுபடி 2 மி.மீ. யுஹெச்எஃப் என்றால் 1 மி.மீ.

1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம். அங்கே திரும்பி வருவது 4 சதவீதம்தான். 2-இல் 11 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். 3-இல் 25 சதவீதம், பெரும்பாலான செட்டுகள் தம்மைக் காத்துக்கொள்ள பவரைக் குறைத்துவிடும். 1.3-ஐ 1.1 ஆக்க அரை நாள் செலவழிப்பவர்களைப் பார்க்கிறேன். மறுமுனையில் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மூன்று இடத்திலும் அளவு 3-க்கு மேல் என்றால் கம்பியை வெட்டாதீர்கள். அது பெரும்பாலும் நீளக் கோளாறு அல்ல. கனெக்டர் ஷார்ட், அடிப்பாகத்துக்கு எர்த் இல்லை, கதவில் கேபிள் நசுங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் வேறு அலைவரிசைக்கான ஆன்டெனா. புதியவர்கள் ஆன்டெனாவை வெட்டி வெட்டித் தீர்த்த பிறகுதான் கனெக்டரைத் திறந்து பார்க்கிறார்கள்.

அடுத்து முழு பவரில் அழுத்திக்கொண்டே செட்டின் பிளக்கில் வோல்ட் அளவைப் பாருங்கள். பேட்டரி முனையில் காட்டுவதற்கும் இங்கே காட்டுவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு லக் சரியாகக் கடிக்கவில்லை. கையால் தொட்டுப் பாருங்கள், கெட்ட இணைப்பு சுடும்.

கடைசியாக, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு சேனலிலும் முழு பவரில் பேசுங்கள். எச்சரிக்கை விளக்கு ஏதாவது எரிகிறதா, வைப்பர் தானாக ஆடுகிறதா, கதவுப் பூட்டு சத்தம் போடுகிறதா, எஞ்சின் வேகம் மாறுகிறதா? எதுவும் இல்லையென்றால்தான் ட்ரிம்மை மூட வேண்டும். இருந்தால் ஆன்டெனா கேபிளை வண்டியின் வயர்கட்டிலிருந்து விலக்கி வேறு வழியில் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். பிரேக்கையோ ஸ்டீயரிங்கையோ தொடும் கோளாறு தெரிந்தால், அது தீரும்வரை அந்த செட்டோடு வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

12. இரைச்சல் வந்தால்

முதலில் சார்ஜர், டேஷ் கேமரா, பின்னால் போட்ட எல்இடி விளக்கு எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள். பல நேரம் கதை அங்கேயே முடிந்துவிடும். மலிவான யுஎஸ்பி சார்ஜரைப் போல இரைச்சல் கொடுப்பது வேறில்லை.

போகவில்லையென்றால் ஆன்டெனா கனெக்டரைக் கழற்றிக் கேளுங்கள், கேட்க மட்டும்தான், பேசக் கூடாது. இரைச்சல் நின்றுவிட்டால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. தொடர்ந்தால் பவர் வயர் வழியாக. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஊளைச் சத்தம் ஆல்டர்னேட்டருடையது. எர்த் இணைப்பை மறுபடி சுத்தம் செய்து, செட்டுக்குப் பக்கத்தில் பவர் வயரை ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் திருப்பியதும் சில நொடி மட்டும் ரீங்காரம் வந்து நின்றால் அது பெட்ரோல் பம்ப்.

13. ஓட்டத் தொடங்கிய பிறகு

இரண்டு வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், அதிர்வில் முதலில் தளர்வது எர்த் போல்ட்தான். காந்த ஆன்டெனாவை மாதம் ஒருமுறை தூக்கி அடியைத் துடைக்க வேண்டும். பாறை வெடிவைக்கும் இடத்தில் "வயர்லெஸ்ஸை அணைக்கவும்" என்று பலகை இருந்தால் முழுதாக அணையுங்கள். மின் டெட்டனேட்டரின் வயர் ஆன்டெனாவாக வேலை செய்து உங்கள் அலையைப் பிடித்துக்கொள்ளும்.

அளந்த மூன்று எஸ்டபிள்யூஆர் எண்கள், செட்டின் பிளக்கில் பார்த்த வோல்ட், ஃபியூஸ் அளவு, தேதி எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி கிளவ் பாக்ஸில் போட்டுவையுங்கள். ஆறு மாதம் கழித்து "முன்பு போலக் கேட்கவில்லை" என்று தோன்றும்போது மறுபடி அளந்து அந்தச் சீட்டோடு ஒப்பிட்டால், கோளாறு ஆன்டெனா பக்கமா பேட்டரி பக்கமா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.